குறைந்த காசில் முதல் காம்பவுண்ட் வில் வாங்கி செட் பண்ணுவது எப்படி?

கையில் 60,000 ரூபாய் இருக்கிறது, பண்டாரவளைப் பக்கம், சொல்லித்தர ஆள் இல்லை, எத்தனை பவுண்டு இழுபாரமுள்ள காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரம் வைத்த வில்) எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். காசை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேட்பதைப் பார்த்தால் நீங்களும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதான் என்று நினைக்கிறேன். பவுண்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் கையை அளந்து பாருங்கள்.

சுவரோடு முதுகை ஒட்டி, இரண்டு கைகளையும் விரித்து நில்லுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை எத்தனை அங்குலமோ அதை 2.5ஆல் வகுத்தால் உங்கள் ட்ரோ லெங்த், அதாவது நாணை இழுக்கும் நீளம், ஏறக்குறைய வந்துவிடும். அரை அங்குலம் முன்பின் இருக்கலாம். சாதாரண வில்லை எதுவரை இழுப்பது என்பது இழுப்பவர் கையில் இருக்கிறது. காம்பவுண்டில் முனையிலுள்ள கேம் என்ற சக்கரம் உருண்டு ஓர் இடத்தில் முட்டி நின்றுவிடும். பாரம் முக்கால்வாசி குறைந்து, நிதானமாகக் குறிபார்க்க முடிவதும் அந்த இடத்தில்தான். அந்த இடம் உங்கள் கைக்கு அமையாத வில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். 2023இல், ஹட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்த காலம். கொழும்பில் ஒருவர் பாவித்த வில்லை 45,000க்குத் தருவதாகச் சொன்னார். பாதி என் சேமிப்பு, மீதி அம்மாவின் சீட்டுக்காசு. அப்போது தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய். 45 நாள் முழுப் பேர் (முழு நாள் வேலைக் கணக்கு) போட்டால் வரும் காசு அது. வில் 29 அங்குலத்துக்கு வைத்திருந்தது. என் கை விரிப்பு 65 அங்குலம், அதாவது எனக்கு வேண்டியது 26. விற்றவரிடம் கேட்டேன். “பழகப் பழகச் சரியாகிவிடும் தம்பி” என்றார். ஆனால் அது பழகிச் சரியாகிற விஷயமே இல்லை.

முதல் நாளே இடது முன்கையின் உட்பக்கத்தில் நாண் அடித்தது. முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குச் சிவந்து, சாயங்காலம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மா சித்தாலேப தைலம் தடவிக்கொண்டே, “இது எவ்வளவு பாரம்டா இழுக்கிறது?” என்று கேட்டார். குவைத்திலிருந்து வந்த சித்தப்பாவிடம் பெட்டி நிறுக்கும் கைத்தராசு ஒன்று இருந்தது. அதை நாணில் மாட்டி மெதுவாக இழுத்துப் பார்த்தோம். 27 கிலோ, அதாவது 60 பவுண்டு. எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கொழுந்தே 18 கிலோதான். அம்மா ஒன்றும் பேசாமல் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வில்லின் வளையும் கைகளை (லிம்ப்) பிடித்திருக்கும் லிம்ப் போல்ட்டை மேலும் கீழும் ஒரே அளவாகத் தளர்த்தினால் சுற்றுக்கு 2, 3 பவுண்டு குறையும். கம்பெனி சொன்ன எல்லைக்கு மேல் தளர்த்தவே கூடாது. என்னுடையது 50க்குக் கீழே இறங்கவில்லை. வளர்ந்த ஆளுக்குக்கூட 35, 40இல் தொடங்குவதுதான் தோளுக்கு நல்லது. வில்லை வானத்துக்குத் தூக்காமல், நேரே நீட்டியபடி இழுக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்தப் பாரம் உங்களுக்கு அதிகம்.

26க்கான மொட்யூலை (இழுக்கும் நீளத்தை மாற்ற கேமில் பூட்டும் துண்டு) வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். என் வில்லில் அதை பிரஸ் (வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவி) இல்லாமல் அலன் சாவியாலேயே மாற்றலாம், எல்லா வில்லும் அப்படி இல்லை. பார்சல் வந்து மூன்று வாரம் தோட்டத்து ஆபிசில் கிடந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. எத்தனை தலைமுறையாக இந்த மலையில் இருக்கிறோம், இன்னும் எங்கள் லயத்துக் காம்பராவுக்கு (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு) இலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. நேர்முகத் தேர்வுக் கடிதம் பிந்தி வந்து வேலையை இழந்த பிள்ளைகள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சிலர் சொல்லலாம். இணையத்தில் சாமான் வாங்கச் சொல்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, செட்டிங். அம்பை வைத்தால் அது நாணுக்குச் செங்குத்தாக நிற்கும்படி டி-லூப்பை (நாணில் கட்டும் சிறு கயிற்று வளையம்) கட்டுங்கள். அம்பைத் தாங்கும் ரெஸ்டுக்கு, அம்பைச் சுற்றிப் பிடிக்கும் விஸ்கர் பிஸ்கட் வகை மலிவு, அம்பு விழாது. கண்ணை மூடி முழுக்க இழுத்து, பிறகு திறக்கும்போது நாணிலுள்ள பீப் என்ற பார்வை ஓட்டை நேராகக் கண்ணுக்கு முன் இருக்க வேண்டும். அம்பு இடப்பக்கம் போனால் குறிபார்க்கும் சைட்டையும் இடப்பக்கமே நகர்த்துங்கள், எதிர்ப்பக்கம் அல்ல. அம்பில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு பவுண்டுக்கு 5 கிரெயினாவது (அம்பு நிறுக்கும் சிறு அளவு) எடை வேண்டும், 50 பவுண்டுக்கு 250. மூங்கிலில் சீவிய அம்பைக் காம்பவுண்டில் வைக்கவே வேண்டாம், உடைந்தால் கையில் ஏறும். கார்பன் அம்பையும் எய்யுமுன் ஒவ்வொரு முறையும் லேசாக வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அம்பில்லாமல் நாணை விடவே கூடாது. ஒரே தடவையில் லிம்ப் பிளந்துவிடலாம்.

நான் உரப் பையில் பழந்துணியை இறுக்கி அடைத்து, லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் சாய்த்து, 10 மீற்றரில் எய்கிறேன். காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூடும் நேரத்துக்கு) முன் போவதில்லை, அந்தப் பாதையில் ஆட்கள் நடப்பார்கள். பன்றி அடிக்கவா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. கம்பிக் கண்ணியில் சிறுத்தை சாகிற மலை இது, அதோடு நானும் சேர மாட்டேன்.

சக்கரமில்லாத, முனை வளைந்த ரீகர்வ் வில்லில்தான் தொடங்க வேண்டும், காம்பவுண்ட் விளையாட்டே இல்லை என்று கீழே யாராவது எழுதுவார்கள். ரீகர்வ் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி இருக்கிறது, அதையும் பாருங்கள்.

உங்கள் 60,000இல் வில்லுக்கு 40,000க்கு மேல் போகாதீர்கள். மீதி அம்பு, ரிலீஸ் (நாணைப் பிடித்து விடும் கொக்கி), கைக்காப்புக்கு வேண்டும். வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால் காசு கட்டுமுன் சுங்கத்தில் விசாரியுங்கள். பார்சலுக்கு டவுனில் கடை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரின் முகவரியைக் கொடுங்கள்.