எம்டனுக்கு எந்த நூல்?

கேள்வி: 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்ட எம்டன் கப்பலை, 1:100 அளவில் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். கொடிமரக் கயிறுகளுக்குத் தையல் நூல் கட்டினால் பிசிறு தெரிகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், செல்லூர், மதுரை

பதில்: பருத்தி நூலை விட்டுவிடுங்கள், தம்பி. பாலியெஸ்டர் நூலைத் தேன்மெழுகுக் கட்டி மேல் இரண்டு தரம் இழுத்து, விரல் சூட்டில் அழுத்தி உருவுங்கள். பிசிறு படிந்து, நூல் கம்பி மாதிரி நிற்கும். மெழுகுக்கு தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். கயிறு கட்டுமுன் பீரங்கிகளை முடித்துவிடுங்கள், அப்புறம் கை நுழையாது. பத்துக்கும் பித்தளைக் குழாய்தான் சரி, 10.5 செ.மீ. வாய் உங்கள் அளவில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். புகைபோக்கி மூன்று. பினாங்கைத் தாக்கப் போனபோது எதிரியை ஏமாற்ற நிறுத்திய போலி நான்காவதையும் கழற்றி மாட்டும்படி செய்யுங்களேன், பார்க்க எனக்கு அத்தனை ஆசை!