நாற்பது மணித்தியாலச் சமூக சேவை: கனடாவின் ஒன்ராறியோ மாகாணக் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலைகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மகள் வரும் செப்டெம்பரில் கத்தோலிக்கப் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்புக்குச் செல்கிறாள். 40 மணித்தியாலம் சேவை செய்ய வேண்டும் என்பது திருச்சபையின் சட்டமா?

பதில்: இல்லை, அது மாகாண அரசின் விதி. 1999ஆம் ஆண்டு முதல், உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெறுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்றாக அது இருந்து வருகிறது. அரச நிதியில் இயங்கும் கத்தோலிக்கப் பாடசாலைகளும் பொதுப் பாடசாலைகளைப் போலவே அதற்குக் கட்டுப்பட்டவை. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னரே, தமது மாணவர் படிப்பை முடிக்கும்போது எத்தகையவராக இருக்க வேண்டும் என்பதைக் கத்தோலிக்கக் கல்வியாளர்கள் வரையறுத்து வெளியிட்டிருந்தார்கள். பிறரோடு சேர்ந்து உழைப்பவர், பொறுப்புள்ள குடிமகன் என்பன அதில் உள்ளன. எத்தனை மணித்தியாலம் என்பதை அரசு சொல்கிறது. எதற்காக என்பதைப் பாடசாலை சொல்ல வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவர்கள். மகன் தேவாலயத்தில்தான் சேவை செய்ய வேண்டுமா? கோவில் தொண்டு கணக்கில் சேருமா?

பதில்: தேவாலயத்தில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உணவு வங்கி, முதியோர் இல்லம், நூலகம் எனப் பல இடங்கள் உண்டு. கோவில் தொண்டைப் பொறுத்தவரை, உங்கள் கல்விச் சபையின் பட்டியலைப் பார்த்து, வழிகாட்டல் ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டு வேலையும், வகுப்பு நேரத்தில் செய்பவையும் கணக்கில் சேரா.

கேள்வி: கட்டாயப்படுத்திச் செய்விப்பது எப்படிச் சேவையாகும்? பிள்ளைகள் சேவைப் படிவத்தில் கையொப்பம் வாங்கத்தானே ஓடுகிறார்கள்?

பதில்: இந்தக் கவலை எனக்கும் உண்டு, ஆனாலும் கட்டாயத்தால் தொடங்கியது கட்டாயமாகவே முடிய வேண்டும் என்பதில்லை. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசனாம் என்ற 20 வயதுச் சட்ட மாணவரும் அவருடைய தோழர்களும், ஏழைகளுக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு விடை தேடித்தான், ஏழைகளுக்கு உதவும் புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினார்கள். அவர்கள் ஏழைகளைத் தம்மிடம் வரவழைக்கவில்லை. அருட்சகோதரி ரோசலி ரெண்டுவின் வழிகாட்டலில் ஏழைகளின் வீடுகளுக்கே சென்று, அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். கத்தோலிக்கக் கல்வி இந்தச் சேவையோடு சேர்க்க வேண்டியது இதைத்தான். பாடசாலை வாசலில் தகரத்தில் அடைத்த உணவுப் பொதிகளைச் சேகரித்து அடுக்குவது பயனுள்ள வேலைதான்; ஆயினும் அந்தப் பொதியைப் பெற்றுச் செல்பவரின் முகத்தை மாணவர் ஒருமுறையேனும் பார்க்காவிட்டால், பசித்தவருக்கு உணவளிப்பது தமக்கே செய்ததாகும் என்று இயேசு சொல்லும் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தைச் சமய வகுப்பில் படித்தும் அது ஏட்டோடு நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. 1973இல் ஸ்பெயினின் வலென்சியா நகரில், கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையின் பாடசாலைகளில் படித்த பழைய மாணவர்களிடம் பேசிய அச்சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே, பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே கல்வியின் நோக்கம் என்றார். அந்த மாணவர்களை நீதிக்காகப் பயிற்றுவித்தோமா என்று தாமே கேட்டு, இல்லை என்று ஒப்புக்கொண்டார். இரக்கம் சோறு போடும். வளமான ஒரு நகரில் முழுநேரம் வேலை செய்பவரும் ஏன் உணவு வங்கிக்கு வருகிறார் என்று கேட்கவைப்பது நீதியுணர்வு. சேவை முடிந்தபின் வகுப்பில் இதைப் பேசாத பாடசாலை தன் கடமையில் பாதியை விட்டுவிடுகிறது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: பெற்றோராக நாங்கள் என்ன செய்யலாம், ஐயா?

பதில்: பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி மாதங்கள்வரை தள்ளிப்போட விடாதீர்கள், ஒன்பதாம் வகுப்புக்கு முந்திய கோடை விடுமுறையிலேயே தொடங்க அனுமதி உண்டு. பத்து இடங்களில் நான்கு நான்கு மணித்தியாலமாகச் சேர்ப்பதைவிட, ஒரே முதியோர் இல்லத்துக்குத் தொடர்ந்து போவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அங்குள்ளவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் அப்போதுதான் வரும். பிள்ளை வீடு திரும்பியதும், எத்தனை மணித்தியாலம் ஆயிற்று என்பதற்கு முன், யாரைச் சந்தித்தாய் என்று கேளுங்கள்.