பாடிகார்டிடம் காதலைச் சொல்லலாமா?

கேள்வி: எனக்கு ஒரு மிரட்டல் வந்ததிலிருந்து, பல மாதங்களாக ஒரு பெண் பாடிகார்டு கூடவே இருக்கிறார். என் மாத்திரை நேரம்கூட அவருக்குத்தான் ஞாபகம். கூட்டத்தில் யாராவது நெருங்கினால் சட்டென்று குறுக்கே வந்து நிற்கிறார். இவ்வளவு அக்கறை வெறும் வேலைக்காகவா? எனக்குக் காதலாகிவிட்டது. சொல்லிவிடட்டுமா?

பதில்: நானும் பல வருடம் இதே வேலை பார்த்தவள். அதனால் கறாராகவே சொல்கிறேன். புது க்ளையன்ட் வந்தால் ரத்த வகை, ஒவ்வாமை, மருந்துகள், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வழி எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்வோம். உங்கள் ரத்த வகை அவருக்கு மனப்பாடம். அவருடையது உங்களுக்குத் தெரியுமா? லீவு நாளில் அவர் என்ன செய்வார்? உங்களுக்கு அவர் என்னென்ன செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

குறுக்கே நிற்பதும் பயிற்சிதான். உங்களை மறைத்து, அங்கிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும். எதிரியோடு மல்லுக்கட்டுவதெல்லாம் சினிமாவில். கூட்டத்தில் அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை, கவனித்தீர்களா? மற்றவர்களின் கைகளைப் பார்க்கிறார். கத்தியோ துப்பாக்கியோ கையில்தானே வரும். நீங்கள் இன்று மனதைத் திறந்தால், நாளை அந்தக் கண் ஒரு நொடி உங்கள் பக்கம் திரும்பும். அவருக்கு விருப்பம் இல்லையென்றால் இன்னும் மோசம்: மறுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு உங்களைக் காவல் காக்க வேண்டும்.

ஏஜென்சியிடம் பேசி வேறு ஆள் கேளுங்கள். காரணம் சொந்த விஷயம் என்றால் போதும். ஆனால் 'அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை' என்று எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் க்ளையன்ட் வேண்டாம் என்று அனுப்பிய ஆள் என்ற பெயர் அவரைச் சுற்றும். அவருக்கு வேறு க்ளையன்ட் கிடைத்த பிறகே மாற்றம் நடக்கட்டும். அப்புறம் கேளுங்கள், ஒரே ஒரு தடவை.

கேள்வி: இந்த மாதிரிக் காதல் நிஜத்தில் கல்யாணம் வரை போனதுண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவில் 1974-ல் கடத்தப்பட்ட, பத்திரிகை அதிபர் குடும்பத்துப் பெண் பேட்டி ஹெர்ஸ்ட், பிறகு கடத்தியவர்களோடு சேர்ந்து வங்கியைக் கொள்ளையடித்த வழக்கில் ஜாமீனில் இருந்தபோது காவலுக்கு வந்த போலீஸ்காரர் பெர்னார்ட் ஷாவை (நாடக ஆசிரியர் இல்லை, வேறு ஷா) 1979-ல் மணந்தார். 2013-ல் ஷா இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள். மொனாக்கோ இளவரசி ஸ்டெஃபனி 1995-ல் தன் பழைய பாடிகார்டை மணந்து, அடுத்த வருடமே விவாகரத்து வாங்கினார்.

இரண்டிலும் பாடிகார்டு ஆண். எங்களைப் பல இடங்களில் செக்ரட்டரி என்றோ உறவுக்காரப் பெண் என்றோதான் அறிமுகப்படுத்துவார்கள். கல்யாணமே ஆனாலும் 'செக்ரட்டரியைக் கட்டிக்கொண்டார்' என்றுதான் பேச்சு வரும்.

கேள்வி: என் கணவருக்கு ஒரு பெண் பாடிகார்டு. நான் சந்தேகப்படலாமா?

பதில்: நாள் முழுக்க நின்ற காலோடு வீடு திரும்புகிறவளுக்குத் தூக்கத்தின் மேல்தான் காதல் வரும். ஷிஃப்ட் அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரிக்கு வேறு ஆள் வந்தால் சரி. ஒரே பெண்ணை 24 மணி நேரமும் நிறுத்தியிருந்தால், உங்கள் கல்யாணத்தைவிட உங்கள் கணவரின் உயிருக்குத்தான் நீங்கள் முதலில் பயப்பட வேண்டும்.