கட்டிலோரம் உட்காரத் தெரிந்த பெண்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்துக் கட்டில் நோயாளிகூட உங்கள் மகளைத்தான் தேடினாராம். அதைப் பார்த்த மாமாவும் சபைப் பெரியவர்களும், "இவள் டாக்டராகப் பிறந்தவள், அதுவும் ஊழியம்தானே" என்று தீர்மானித்துவிட்டார்கள். மதிப்பெண் போதவில்லை. வீட்டை அடகு வைத்துப் பணம் கட்டிச் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். உயிரியல் புத்தகத்தைத் திறந்தாலே அவளுக்குத் தூக்கம் வருகிறது என்று எழுதியிருப்பதும் நீங்கள்தான். அந்த நோயாளி அவளிடம் தேடியது மருந்தை அல்ல, பேச்சை. இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். செவிலியர் படிப்பு, ஆசிரியர் படிப்பு பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

மருத்துவமனை சாப்ளின் என்றொரு வேலை இருக்கிறது: நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசுவதைக் கேட்டு, மனதுக்குத் துணையாக இருப்பவர். ஜெபம் பண்ணிவிட்டுப் போகிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இதற்கென்று தனிப் பயிற்சியே உண்டு: கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன், அதாவது நோயாளிகளோடு இருந்தே ஆன்மிகத் துணை தரக் கற்பது. 1925-இல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் இறையியல் மாணவர்களை வார்டுக்குள் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தார். அதற்குச் சில வருடங்களுக்கு முன் அவரே மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். அமெரிக்க முறையில் இன்று இந்தப் பயிற்சியின் ஒரு யூனிட், அதாவது ஒரு கட்டம், என்றால் 400 மணி நேரம். அதில் பெரும்பகுதி வார்டில்தான் கழியும்.

அதில் 'வெர்பாட்டிம்' என்று ஒன்று. நோயாளியிடம் பேசிவிட்டு வந்து, அவர் சொன்னது, தான் சொன்னது, நடுவில் விழுந்த மௌனம் எல்லாவற்றையும் நினைவிலிருந்து வரிவரியாக எழுத வேண்டும். பிறகு குழுவில் படிக்க வேண்டும். "வீட்டுக்குத் திரும்புவேனான்னு தெரியலை" என்று நோயாளி சொல்லியிருப்பார். "கர்த்தர் கைவிட மாட்டார், தைரியமா இருங்க" என்று மாணவி பதில் எழுதியிருப்பாள். பயிற்சியாளர் அங்கே நிறுத்துவார்: "அந்த வாக்கியம் யாருடைய பயத்தை அடக்க? அவருடையதா, உன்னுடையதா?" பைபிளில், எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. மனதுக்கமுள்ளவனிடம் பாட்டுப் பாடுவதை, குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைவதோடு ஒப்பிடுகிறது நீதிமொழிகள். நம் சபைகளில் துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் பலருக்கு இந்தப் பயிற்சி வேண்டும் (எனக்கும் சேர்த்துத்தான்).

இன்னொன்று. நோயாளி வேறு மதத்தவராகவும் இருப்பார், நம்பிக்கையே இல்லாதவராகவும் இருப்பார். படுத்துக் கிடப்பவரின் பலவீனத்தைப் பிரசங்க மேடையாக்குவது அங்கே அனுமதிக்கப்படாத செயல். கொலோசெயர் நிருபத்தில் கிருபை பொருந்தின, உப்பால் சாரமேறின பேச்சைப் பற்றிச் சொல்வதற்கு முந்தின வசனமே, புறம்பே இருக்கிறவர்களிடம், அதாவது சபைக்கு வெளியே உள்ளவர்களிடம், ஞானமாய் நடக்கச் சொல்கிறதே!

வழி இதுதான்: முதலில் உளவியல் அல்லது சமூகப்பணியில் ஒரு பட்டம், பிறகு இறையியல், அப்புறம் இந்தப் பயிற்சி. நடுவில் மனம் மாறினாலும் முதல் பட்டம் கையில் நிற்கும். டாக்டர் சம்பளம் வராது. எல்லா மருத்துவமனையிலும் இந்தப் பதவி இருக்காது என்பதையும் மறைக்க மாட்டேன். சேரும் முன் ஒரு சாப்ளினோடு சில நாள் அவளை உட்கார விடுங்கள். பிடிக்கவில்லை என்றாள் என்றால் விட்டுவிடுங்கள், 'தேவ அழைப்பு' என்று சொல்லித் தள்ளக் கூடாது. மாமா செய்வதும் அதைத்தானே?

மாமாவிடம் சண்டை வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். "அண்ணா, உங்க அக்கறைக்கு நன்றி. வீட்டை அடகு வைக்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம்" என்று சொல்லுங்கள். முதல் வாக்கியத்தில் கிருபை, இரண்டாவதில் உப்பு. மூன்றாவது வாக்கியம் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் எல்லோரும் பேசுகிறார்கள், மகள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும்.