பேஸ்மெண்ட் தரை குளிர்கிறது, கம்பளம் விரித்தால் போதுமா?

ரொறன்ரோவில் பழைய வீடு வாங்கியிருக்கிறீர்கள், பேஸ்மெண்ட் தரையில் கால் வைக்க முடியவில்லை, கம்பளம் விரித்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொங்கிரீட்டின் மேல் நேரே கம்பளம் விரிக்காதீர்கள். மற்ற வேலைகளை ஆறுதலாகச் செய்யலாம்.

நாங்கள் ஸ்காபரோவில் முதலில் வாடகைக்கு இருந்த பேஸ்மெண்டில் அப்படித்தான் விரித்திருந்தது. அம்மா இரண்டு சொக்ஸ் போட்டும் கால் விறைக்கிறது என்பார். இரண்டாவது குளிர்காலத்தில் அவருடைய கட்டிலை நகர்த்தி, மூலையில் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் சதசதவென்று ஈரம். உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பூஞ்சணம். நனைந்த சாக்கின் மணம். அதற்கு மேல்தான் அம்மா இரவெல்லாம் இருமிக்கொண்டு படுத்திருந்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் பொறுக்குதில்லை.

வெளியே மைனஸ் 20 பாகை என்றாலும் பேஸ்மெண்டுக்குக் கீழே மண் உறைவதில்லை. ஆனால் ஏறக்குறைய 10 பாகையில்தான் நிற்கும். கொங்கிரீட்டும் அந்தக் குளிரை வாங்கிவைத்திருக்கும். அறையின் சூடான காற்று கம்பள இழைக்குள்ளால் இறங்கி அதைத் தொட்டதும், குளிர்ந்த சோடாப் போத்தல் வியர்ப்பது மாதிரி, அதிலுள்ள ஈரம் நீராகிவிடும். போதாததற்கு, கொங்கிரீட் மண்ணிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும்.

அதனால் முதலில் ஈரத்தைப் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விடுங்கள். இப்போதைய வீட்டில் நாங்கள் மூன்று இடத்தில் ஒட்டினோம். ஒரு மூலையில் மட்டும் தாளின் அடியில் துளி துளியாக நின்றது. வெளியே போய்ப் பார்த்தால், கூரைப் பீலித் தண்ணீர் அந்தச் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. குழாயை ஆறடி தள்ளி நீட்டி, ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து, மறுபடி சோதித்த பிறகுதான் தரையில் கை வைத்தோம்.

வெடிப்புகளையும் அடையுங்கள். மண்ணிலிருந்து கிளம்பும் ரேடன் என்ற கதிரியக்க வாயு அவற்றாலும் உள்ளே வரும். குளிர்காலத்தில் மூன்று மாதமாவது சோதனைக் கருவி வைத்துப் பாருங்கள். கனடா சுகாதாரத் துறையின் வரம்பு கன மீட்டருக்கு 200 பெக்கெரல்.

அப்புறம் நானும் மச்சானும் ஓர் அங்குல எக்ஸ்பிஎஸ் (குளிர் காக்கும் கெட்டியான) ஃபோம் பலகைகளை அடுக்கினோம். ஓர் அங்குலத்துக்கு ஆர்-5 என்ற அளவில் குளிரைத் தடுக்கும் (ஆர் எண் கூடினால் தடுப்பும் கூடும்). பலகை கொங்கிரீட்டோடு ஒட்டி இருக்கவேண்டும், இடையில் காற்று ஓடக்கூடாது. பள்ளம் இருந்தால் சமன்படுத்தும் கலவை ஊற்றுங்கள். பொருத்துகளுக்கு டேப், சுவரோரத்துக்கு ஸ்பிரே ஃபோம். அதன்மேல் அரை அங்குலப் பிளைவுட் இரண்டு அடுக்கு, குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றோடொன்று திருகி. கொங்கிரீட்டில் துளை போடவில்லை. சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி விட்டோம். மேலே வினைல் பலகை. தரையிலுள்ள வடிகால் வாயை மட்டும் ஒருபோதும் மூடிவிடாதீர்கள்.

இப்போது அம்மா ஜனவரியிலும் அந்தத் தரையில் இருந்து கீரை ஆய்கிறார்.

ஆனால் ஹீட்டிங் பில் குறையவேண்டும் என்றால் தரை மட்டும் போதாது. அத்திவாரச் சுவரின் உச்சியில், மேல்தளத்து மரச்சட்டங்கள் வந்து உட்காரும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். எங்களுக்கு அங்கே காற்று ஊசியாகக் குத்தியது. ஃபோம் துண்டுகளை அளவாக வெட்டிச் செருகி, ஓரங்களை ஸ்பிரே ஃபோமால் அடைத்தோம். சனி ஞாயிறில் முடிந்த வேலை.

தொடங்குமுன் சீலிங் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டே கால் அங்குலம் போனது. கதவுகளை அடியில் சீவவேண்டி வந்தது, படியின் கடைசிக் கட்டும் பதிந்துவிட்டது. பிறகு வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், ஒன்ராறியோவில் 1.95 மீட்டர் உயரம் மிஞ்சவேண்டும். இடம் போதாவிட்டால், அடியில் பிளாஸ்டிக் குமிழ் வைத்த ஆயத்தப் பலகைகள் இருக்கின்றன, ஓர் அங்குலம்கூட வராது. ஃபோம் அளவுக்குச் சூடு தராது, ஆனாலும் வெறும் கம்பளத்தைவிட எவ்வளவோ மேல்.