மனந்திரும்புதலும் இரட்சிப்பும்: கேள்வி பதில்

கேள்வி: விசுவாசத்தினால் இரட்சிப்பு என்று எபேசியர் 2:8 கூறும்போது, மனந்திரும்புதலையும் கேட்பது கிரியையை, அதாவது நம் செயலால் இரட்சிப்பைச் சம்பாதிப்பதை, நுழைப்பதாகாதா?

பதில்: ஆகாது. மனந்திரும்புதலை நாம் தேவனுக்குச் செலுத்தும் முன்பணமாக எண்ணுவதால் வரும் சிக்கல் இது. யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டில் நடந்ததைப் பேதுரு விவரித்தபோது, ஜீவனுக்கேதுவான மனந்திரும்புதலைத் தேவன் புறஜாதியாருக்கும் (யூதரல்லாதோருக்கும்) அருளினார் என்றே எருசலேமில் இருந்தவர்கள் மகிழ்ந்தார்கள் (அப்போஸ்தலர் 11:18). அருளப்பட்டதை நம் சம்பாத்தியக் கணக்கில் எழுத முடியாது.

கேள்வி: கண்ணீர் விட்டு அழுதால் போதுமா?

பதில்: இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மனஸ்தாபப்பட்டான், பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான், ஆனால் பிரதான ஆசாரியரிடம் போனானே தவிர இயேசுவிடம் போகவில்லை. லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்கும் என்று பவுல் எச்சரிப்பது (2 கொரிந்தியர் 7:10) இத்தகைய துக்கத்தையே.

கேள்வி: வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகே, "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார் இயேசு. அப்படியானால் அது விலைதானே?

பதில்: ஒரு வசனத்தைத் தனியே பிய்த்தெடுக்காதீர்கள்; லூக்கா 19-ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். காட்டத்தி மரத்தில் இருந்தவனைப் பெயர் சொல்லி அழைத்து, உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு சொன்னது ஐந்தாம் வசனம். பணத்தைப் பற்றிச் சகேயு வாய் திறந்தது எட்டாம் வசனம். தானாக அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது எண்ணாகமம் 5:7. ஆட்டைத் திருடி விற்றவனுக்கோ கொன்றவனுக்கோ விதிக்கப்பட்ட நாலத்தனையை இவன் தானே ஏற்றுக்கொண்டான். ஆஸ்தியில் பாதியையும் ஏழைகளுக்குக் கொடுத்தான். பேரம் பேசுகிறவன் கேட்டதற்கு மேல் கொடுப்பதில்லை.

கேள்வி: அவன் கொடுக்க மறுத்திருந்தாலும் இரட்சிப்பு வந்திருக்குமா? நீங்கள் நழுவுகிறீர்கள்.

பதில்: நழுவவில்லை. பிறர் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு விருந்து மட்டும் வைத்திருந்தால், அவன் இயேசுவை விருந்தாளியாக ஏற்றானேயன்றி ஆண்டவராக ஏற்கவில்லை என்றே சொல்வேன். கனி மரத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் மனந்திரும்புதலுக்கேற்ற கனிகளைக் கொடுங்கள் என்று யோவான் ஸ்நானன் கேட்டபோது அதை விருப்பப் பாடமாக வைக்கவில்லை.

கேள்வி: இயேசுவின் அருகே சிலுவையில் தொங்கி மனந்திரும்பிய கள்வன் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லையே?

பதில்: கைகள் ஆணியடிக்கப்பட்டிருந்தன; வாயால் முடிந்ததைச் செய்தான்: தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தன்னை நினைத்தருளும்படி இயேசுவிடம் கேட்டான்.

கேள்வி: அப்படியானால் நானும் கடைசி நேரத்தில் மனந்திரும்பலாமா?

பதில்: அருகிலிருந்த இன்னொரு கள்வனுக்கும் அதே கடைசி நேரம் கிடைத்தது.

கேள்வி: குருவிடம் பாவ அறிக்கை செய்வது அவசியமா?

பதில்: கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனத்தில் (குருவிடம் பாவ அறிக்கை செய்யும் சடங்கில்) மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் ஆகியவற்றை 1551-இல் திரெந்து பொதுச்சங்கம் வரையறுத்தபடி கைக்கொள்கிறார்கள். நான் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவன். நீங்கள் கத்தோலிக்கரானால் உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

கேள்வி: மனந்திரும்பிய பின்னும் அதே பாவத்தில் விழுகிறேன். முதல் மனந்திரும்புதல் பொய்யா?

பதில்: அப்படித் தீர்ப்பிட அவசரப்படாதீர்கள். விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாயிருக்கவேண்டும் என்பதே 1517-இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துகளில் முதலாவது. ஒரே நாளில் ஏழுதரம் மனஸ்தாபப்பட்டு வரும் சகோதரனை மன்னிக்கச் சொன்னவர் (லூக்கா 17:4), நீங்கள் எட்டாம் தரம் வரும்போது கதவை அடைக்கமாட்டார். விழுந்ததற்காக வருந்துகிறீர்களா, விழுவதற்கு வசதியாக ஏற்பாடு செய்துகொள்கிறீர்களா என்பதை மட்டும் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: கள்வன் ஞானஸ்நானம் பெறவில்லையே, பிறகு எதற்கு...

பதில்: கள்வனைப் பற்றி இரண்டு முறை பேசியாயிற்று. ஞானஸ்நானம் வேறொரு நாளுக்குரியது.