கார் டயர் காற்றழுத்தத்தைப் பார்க்க ஒரு கேஜ் போதுமா, வால்வில் திருகும் சென்சாரும் வேண்டுமா?

முதலில் கேஜ் வாங்குங்கள். நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓட்டுபவர் என்றால் அடுத்து சென்சார். நிற்கும் வண்டியில் காற்று சரியான அளவில் இருக்கிறதா என்று சொல்வது கேஜ். ஓடும்போது காற்று இறங்கினால் கூப்பிட்டுச் சொல்வது சென்சார். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

பேனா வடிவக் கேஜ் மலிவு, ஆனால் தூசி ஏறினால் உள்ளிருக்கும் குச்சி சிக்கும். முள் வைத்த கேஜ் கீழே விழுந்தால் போச்சு. டிஜிட்டல் வசதியானது, பேட்டரியை மட்டும் கவனிக்க வேண்டும். எதுவானாலும் ஒரே டயரில் மூன்று முறை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1 பி.எஸ்.ஐ.க்குள் (காற்றழுத்தத்தின் அளவு) ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கேஜை நம்ப வேண்டாம். வால்வில் வைக்கும்போது 'ஸ்ஸ்' என்று சத்தம் தொடர்ந்து வந்தால் கேஜ் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அப்போது வரும் எண் குறைவாகத்தான் இருக்கும்.

அளவிட வேண்டியது டயர் குளிர்ந்திருக்கும்போது: வண்டி 3 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை நிரப்பக் கூடாது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் சுமார் 1.5 பி.எஸ்.ஐ. குறையும். எனவே பஞ்சர் இல்லாமலே குளிர்காலக் காலையில் எண் இறங்கியிருக்கும்.

காற்றடிக்கும் இடம் தூரமாக இருந்தால் ஒரு வழி உண்டு. புறப்படும் முன் குளிர்ந்த நிலையில் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இடது முன்சக்கரத்தில் 4 குறைந்தால், அங்கே போனதும் சூடான டயர் காட்டும் எண்ணோடு 4 சேர்த்து நிரப்புங்கள். சூட்டில் எண் ஏறியிருக்கிறதே என்று காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். ஆறியதும் அளவு குறைந்துவிடும்.

இனி சென்சார். வால்வில் திருகும் வகை, உள்ளே இருக்கும் ஊசியை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கும். அதாவது காற்றை அடைத்து நிறுத்துவது வால்வு அல்ல, சென்சாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம். இதை மறந்துதான் பலர், கசிவைக் கண்டுபிடிக்க வாங்கிய கருவியாலேயே கசிவை வரவழைத்துக்கொள்கிறார்கள். காற்றைச் சரியாக நிரப்பி, பூட்டு நட்டை (சென்சார் கழலாமல் பிடிக்கும் நட்டு) முதலில் வால்வில் ஏற்றி, சென்சாரைக் கையால் இறுகும்வரை மட்டும் திருகி, பிறகு நட்டை அதோடு சேர்த்து இறுக்குங்கள். மேலே சோப்புத் தண்ணீர் தடவி ஒரு நிமிடம் பாருங்கள். குமிழி வந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

வால்வுத் தண்டு பழைய ரப்பராக இருந்து அடியில் வெடிப்பு தெரிந்தால் சென்சார் மாட்டவே கூடாது. வேகத்தில் அதன் எடை தண்டை வெளிப்பக்கம் வளைக்கும், வெடிப்பு பெரிதாகும். உலோகத் தண்டுக்கு மாற்றிவிட்டு மாட்டுங்கள். அலுமினியத் தண்டில் சென்சாரின் பித்தளை மரை ஈரத்தால் பிடித்துக்கொள்ளும்; அவ்வப்போது கழற்றித் துடையுங்கள்.

எச்சரிக்கை அளவைக் கடையிலிருந்து வந்தபடியே விடாதீர்கள். ஸ்டிக்கரில் 33 என்றால் கீழ் எல்லை 28, மேல் எல்லை 42 வைக்கலாம். ஓடும்போது 4, 5 ஏறுவது இயல்பு. சென்சார்களில் பல, வண்டி நிற்கும்போது உறங்கிவிடும். காலையில் திரையில் தெரிவது முந்தைய நாள் எண்ணாக இருக்கலாம், கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகே நம்புங்கள். சக்கரங்களை முன்பின் மாற்றினால் சென்சார்களையும் பழைய இடத்துக்கே கழற்றி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேறு சக்கரத்தைக் காட்டி அலறும்.

வண்டியிலேயே எச்சரிக்கை விளக்கு இருந்தாலும் கேஜ் தேவைதான். சில கார்களில் காற்றழுத்தச் சென்சாரே கிடையாது, ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) மூலம் சக்கரங்களின் வேக வித்தியாசத்தை ஒப்பிட்டுத்தான் சொல்லும். நான்கிலும் ஒரே சீராக இறங்கினால் அதற்குத் தெரியாமல் போகலாம். காற்று நிரப்பிய பின் ரீசெட் செய்யவும் வேண்டும்.

ஸ்டெப்னியைப் பெரும்பாலும் எந்தச் சென்சாரும் பார்ப்பதில்லை. மாதம் ஒரு முறை கேஜ் எடுக்கும்போது அதையும் பாருங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னிக்கு வழக்கமாக 60 பி.எஸ்.ஐ. வேண்டும், அதனால் கேஜ் அதற்கு மேலும் காட்டக்கூடியதாக இருக்கட்டும்.